பதினேழாம் பக்கத்து ஸ்டிக்கர்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. கிட்டங்கியின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. அடியில் கிடந்த புத்தகக் கட்டுகளைத் தூக்கி மேல்தட்டில் அடுக்கச் சொன்னேன். லோடுமேன் சிலுவை ஏணியைச் சாத்திவிட்டு, "அண்ணாச்சி, ஏறட்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டான். "இதுக்கெல்லாமா கேப்ப, ஏறுல" என்று கத்திவிட்டேன். இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறவன். முகம் சுண்டிப் போனது.

மூன்று கட்டு நனைந்திருந்தது. மூன்றும் 'நம் வட்டாரம்', ஐந்தாம் வகுப்பு. பிரித்துப் பார்த்தால் எல்லாப் பிரதியிலும் பதினேழாம் பக்கத்து ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோந்துக்காரனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். மழைக்கு எந்தக் கோந்தும் இளகும் என்கிறான்.

நவம்பர் 12, புதன்

சரக்கு வரத்தும் மழையும் தவிர இந்த டைரியில் நான் வேறு எழுதுவதில்லை. ஸ்டிக்கர் சமாச்சாரத்தை மட்டும் குறித்து வைக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆகும்.

மாவட்டத்தில் ஒன்பது பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு நிர்வாகம், நம் பக்கத்துக் கிராமங்களைப் பற்றித் துணைப்பாட நூல் ஒன்று போட்டுத் தரச் சொன்னது. எழுதுவதற்கு ஜெபமணி டீச்சரைப் பிடித்தேன். ரிட்டயர் ஆனவர், தமிழில் கெட்டி, கமாவுக்குக்கூடச் சண்டை பிடிப்பார். ஊர்க் கோயில் கொடைவிழா பற்றி ஒரு பாடம் வேண்டும் என்றபோது, "எங்க ஊருக்கே போங்க டீச்சர், உடைமரத்தான்குளம். எங்க அண்ணன் கோமதிநாயகம் இருக்கார், எல்லாம் சொல்லுவார்" என்று என் காரிலேயே அனுப்பிவைத்தேன். அந்த யோசனை என்னுடையது. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அண்ணன் சொன்னதை டீச்சர் அப்படியே எழுதிவிட்டார். அச்சுக்குப் போகும் புத்தகத்தை நான் வாசிப்பதில்லை. அட்டை பார்ப்பேன், பக்க எண் பார்ப்பேன், தாள் கனம் பார்ப்பேன். கட்டுப் போட்டு அனுப்பின பிறகு நிர்வாகத்தின் தாளாளர் போன் செய்தார்.

"ஆவுடையப்பன், பதினேழாம் பக்கம் வாசிச்சீங்களா?"

"இல்ல சார்."

"கிராமத்தப் பத்தின பாடம்னா பிள்ளைங்களுக்கு ஒரு சந்தோஷம் வரணும். காளை போடுங்க, கோலம் போடுங்க, பொங்கப்பானை போடுங்க. நீங்க கொலையப் போட்டிருக்கீங்க. பேரண்ட்ஸ் வந்து என் சட்டையப் பிடிப்பாங்க."

புத்தகத்தில் தப்பு வந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். டீச்சரிடம் மாற்றி எழுதச் சொன்னேன், மாட்டேன் என்றார். நானே எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"முன்னொரு காலத்தில் எங்கள் குளம் உடைப்பெடுத்தது. ஊரைக் காப்பாற்ற ஒரு சிறுமி மனமுவந்து மடைக்குழியில் இறங்கினாள். குளம் நின்றது. மக்கள் அவளை மடைக்காரி என்னும் தெய்வமாக வணங்குகின்றனர். ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் ஊர் மக்கள் மகிழ்ச்சியுடன் பொங்கல் வைத்தனர், இன்றும் வைக்கின்றனர்."

அடுத்த பக்கத்துப் பயிற்சியில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புக: ஊர் மக்கள் ________ பொங்கல் வைத்தனர். டீச்சர் வேறு விடை நினைத்துப் போட்ட கோடு. என் வார்த்தை அதில் அளவாக உட்கார்ந்துவிட்டது. தாளாளர் பாராட்டினார்.

நவம்பர் 21, வெள்ளி

ஜெபமணி டீச்சர் கடைக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார், வாங்கி வைத்ததும் குடித்தார்.

"பிள்ளைங்க பக்கத்த ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அடியில இருக்கிறத வாசிக்குதாம் அண்ணாச்சி. என் பேத்தி சொன்னா. ஒட்டாம விட்டிருந்தா எவனும் அந்தப் பக்கத்தத் திரும்பிப் பாத்திருக்க மாட்டான்."

"கிண்டல் பண்ணுதீங்க."

"இல்ல, நெசமாத்தான். உங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லயா?"

"வியாபாரத்துல சந்தேகப்பட்டா கடையப் பூட்டணும் டீச்சர்."

"நான் கேட்டது வியாபாரத்தப் பத்தி இல்ல. அந்தப் பாடத்துல உங்க குடும்பமும் இருக்கு. அதுக்காக ஒட்டுனீங்களா, தாளாளருக்காக ஒட்டுனீங்களா?"

கடையில் ஆள் வந்துவிட்டார்கள். பில் போட எழுந்துவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டு வெயில் அடிக்கிறது. புதுக் கோந்து வாங்கி எல்லாவற்றையும் மறுபடி ஒட்டச் சொன்னேன். ஐம்பத்திரண்டாம் பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு, அணையின் உயரம் தப்பாகிவிட்டது என்று ஒட்டினது. அதுவும் இதே கோந்து, ஒட்டினதும் இதே பெண்கள். அது அசையவில்லை. பதினேழுதான் சுருள்கிறது. அந்தத் தாள் வேறு லாட்டாக இருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

ஊருக்குப் போனேன். அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் நாற்பது புத்தகம் இனாமாகக் கொடுத்திருந்தேன். பரிசளிப்பு என்று தலைமையாசிரியர் கூப்பிட்டிருந்தார். மாலை போட்டார்கள். எனக்காக ஐந்தாம் வகுப்பு எழுந்து பாடத்தை ஒப்பித்தது. "ஊரைக் காப்பாற்ற ஒரு சிறுமி மனமுவந்து மடைக்குழியில் இறங்கினாள்." நாற்பது குரல் ஒரே ராகம். 'மகிழ்ச்சியுடன்' வரும் இடத்தில் எல்லாம் சேர்ந்து இழுத்தன.

சத்துணவுக்கூடத்து வாசலில் முப்பிடாதி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சமைப்பவள். மடைக்காரி என்று கும்பிடுகிறோமே, அந்தப் பிள்ளை பிறந்த குடும்பத்தில் இப்போது இருப்பவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை.

"பாடம் நல்லாருக்கு ஐயா" என்றாள். "எங்க வீட்டுப் பிள்ளையப் பத்தித்தான?"

"ஆமா."

"பிள்ளைங்க வந்து சொல்லுச்சு. அவளாவே எறங்குனாளாம. எங்களுக்கே இம்புட்டு நாளா தெரியல பாருங்க."

சிரித்தமாதிரிதான் சொன்னாள். சாதத்தை எடுத்துப் போட உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணன் புத்தகத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒட்டுன தாள்ல இருக்கது நீ எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"எழுத்து ஒன் எழுத்துதான்னு நெனச்சேன்" என்றார். அச்சு எழுத்தில் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. "மோர் ஊத்திக்க" என்றார்.

பிப்ரவரி 14, சனி

மதினி போன். அண்ணன் காலையில் பல் விளக்கும்போது விழுந்துவிட்டார். வலப்பக்கம் இழுத்துவிட்டது. கார் அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

பிப்ரவரி 15, ஞாயிறு

உயிருக்குப் பயமில்லை. பேச்சு போய்விட்டது. எப்போது வரும் என்றால், டாக்டர் மேலே கையைக் காட்டுகிறார்.

அண்ணன் இடது கையைத் தூக்கித் தூக்கிக் கீழே யாருக்கோ நீட்டுவதுபோலச் செய்தார். தண்ணீரா, தலையணையா, நர்ஸைக் கூப்பிடவா என்று எல்லாம் கேட்டுப் பார்த்தேன். மதினிதான் சொன்னாள்: "சித்திரைக் கொடையச் சொல்லுதாங்க கொழுந்தனாரே. யார் கை குடுப்பான்னு கேக்காங்க."

ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. போய்ச் சாத்தினேன்.

மார்ச் 9, திங்கள்

ஊரிலிருந்து கொடைக் கமிட்டிச் செயலாளர் மாரிதுரை வந்தான். முப்பத்தைந்து வயது, டிராக்டர் ஏஜென்சி வைத்திருக்கிறான், சுறுசுறுப்பு.

"கொடை ஏப்ரல் இருவத்தெட்டு, செவ்வாக்கெழமை மாமா. பெரியவரால முடியாது. அடுத்த ஆம்பள நீங்கதான்."

"எனக்கு நாப்பது வருசமா பழக்கமில்லயே."

"அதத்தான் யோசிச்சோம். நீங்க செரமப்பட வேண்டாம். ஒங்க பாடம் இருக்குல்லா. ஒரு பிள்ளைய மைக்குல வாசிக்கச் சொல்லிருவோம். கமிட்டியில பாதிப்பேருக்கு அது பிடிச்சிருக்கு. வருசா வருசம் சொந்தக்காரன் வரும்போது, நாம கொன்னோம் நாம கொன்னோம்னு மைக்குல சொல்லிக்கிட்டு இருக்கணுமா? பொண்ணு எடுக்க வாரவன் என்ன நெனப்பான்? புஸ்தகத்துலயே வேற மாதிரி வந்துட்டு. அரசாங்கம் அங்கீகாரம் குடுத்த மாதிரி."

"அது அரசாங்கப் புஸ்தகம் இல்லப்பா."

"புஸ்தகம்னா புஸ்தகம்தான மாமா."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. மனசு லேசானது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் படுக்கப் போகாமல் இந்த டைரியை எடுத்தேன்.

வழக்கம் என்ன என்பதை எழுதி வைக்கிறேன். அண்ணனுக்குப் பேச்சு இல்லை, வேறு எங்கும் எழுதியும் இல்லை, அந்த ஸ்டிக்கருக்கு அடியில் தவிர.

கொடையன்று உச்சிப் பொழுதுக்கு மேளம் நிற்கும். எங்கள் வீட்டு ஆண் ஒருவன் மடைமேல் நிற்க வேண்டும். கீழே மடைக்குழியில் மடைக்காரியின் குடும்பத்துப் பெண் ஒருத்தி நிற்பாள். எங்கள் ஆள், எங்கள் வீட்டார் மடைக்காரியை என்ன செய்தார்கள் என்பதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் குழியில் நிற்பவள் ஒரு கேள்வி கேட்பாள். அதற்குப் பதில் சொல்லி, கை கொடுத்து அவளை மேலே ஏற்ற வேண்டும். பிறகுதான் பொங்கல் பானைக்கு அடியில் தீ வைப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அந்தக் குடும்பத்துப் பெண் எங்களைப் பேர் சொல்லி, நீ என்று கூப்பிடுவாள். கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

என் வீட்டுக்காரி செண்பகம் இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஊர விட்டு வந்தது ஒங்க அப்பாவோட சண்ட போட்டுன்னு சொல்லுவீங்க. அப்பா தவறினது அதுக்கு முந்தின வருசம்னு மதினி சொல்லுதாங்க. யாரோட சண்ட போட்டீங்க?"

முப்பத்தைந்து வருஷக் குடித்தனம். கணக்கு இப்போதுதான் இடித்திருக்கிறது.

சொன்னேன். அப்போது எனக்குப் பத்தொன்பது. அப்பா இறந்திருந்தார். அண்ணன் அம்மை போட்டுக் கிடந்தார். அந்த வருஷம் நான் நிற்க வேண்டியதாகிவிட்டது. கொடை பார்க்க என்னோடு காலேஜில் படித்த இரண்டு பேர் டவுனிலிருந்து வந்து கரையில் நின்றார்கள். நான் மடைமேல் ஏறினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன், பாதி முழுங்கி. முப்பிடாதியின் அம்மா குழிக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வியைக் கேட்டாள். கரையில் நின்ற இருவரில் ஒருவன் சிரித்தான். எதற்குச் சிரித்தானோ. "எவனோ எப்பவோ செஞ்சதுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். நேரே பஸ். அதற்குப் பிறகுதான் சைக்கிளில் நோட்டுப் புத்தகம் விற்றது, கடை வைத்தது எல்லாம்.

"அந்தம்மா?" என்றாள் செண்பகம்.

"நான் பாக்கல."

"பிறகு கேக்கவுமில்லையா?"

கேட்கவில்லை. கேள்வி என்னவென்று அவள் கேட்டாள். அதையும் சொன்னேன். ஏறட்டுமா என்பதுதான் கேள்வி.

மடித்த துணியை அவள் மறுபடி உதறி மடித்தாள். "அதான் வீட்டுல பிள்ளைங்க மாடிக்கு ஏறட்டுமான்னு கேட்டா ஒங்களுக்குக் கோவம் வருது" என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை.

ஏப்ரல் 11, சனி

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை இடது கையால் இழுத்து என்னிடம் நீட்டினார். ஸ்டிக்கர் இல்லாத பிரதி, ஒட்டுவதற்கு முன்பே டீச்சர் கொடுத்தது. பதினேழாம் பக்கத்தைத் தட்டினார்.

என் கம்பெனி போட்ட புத்தகத்தை நான் முதல் தடவையாக வாசித்தேன். அண்ணன் பேசுவது அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம்தான். இரண்டு தடவை நடுவில் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வெளியே வரும்போது மதினி, "மாரிதுரை மைக்கு ஏற்பாடு பண்ணுதானாம. என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நான் நிக்கேன்னு சொல்லுங்க."

அண்ணனுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

கிட்டங்கியைச் சிலுவையிடம் ஒப்படைத்தேன். காலண்டர் தாள், ரப்பர் பேண்ட் ஆர்டர் சொல்லியாயிற்று. வேட்டி ஒன்று, துண்டு ஒன்று. பஸ்ஸில் போகிறேன், கார் வேண்டாம்.

ஏப்ரல் 29, புதன்

நேற்று நடந்தது.

வெயில் கொளுத்தியது. குளத்தில் தண்ணீர் வற்றி, மடைக்குழியில் கணுக்கால் அளவு கலங்கல் கிடந்தது. அதில் முப்பிடாதி நின்றாள், ஈரச் சேலையோடு. கரை முழுக்கச் சனம். அண்ணனை நாற்காலியோடு தூக்கிவந்து வேப்பமரத்து நிழலில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்வரிசை.

மேளம் நின்றது. நான் வாயைத் திறந்தேன். இரண்டு வாரமாக அண்ணன் பக்கத்தை மனப்பாடம் செய்திருந்தேன். வந்தது அது இல்லை. "முன்னொரு காலத்தில் எங்கள் குளம் உடைப்பெடுத்தது" என்று வந்தது. பிள்ளைகளுக்கு அது போதும். பாடம் என்று நினைத்து அத்தனையும் கூடச் சேர்ந்துகொண்டன. "ஊரைக் காப்பாற்ற ஒரு சிறுமி மனமுவந்து..." அதே ராகம். நானும் அதோடு போனேன். நிறுத்த முடியவில்லை. 'மகிழ்ச்சியுடன்' என்று இழுத்து முடித்தார்கள். மாரிதுரை கைதட்ட, நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள்.

முப்பிடாதி கேள்வியைக் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தீ வைக்கிறவன் பந்தத்தோடு நிற்கிறான். கைதட்டல் ஓய்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் நான், பார்க்கவில்லை.

பிறகு சொன்னேன். அண்ணன் பக்கத்தில் இருந்த மாதிரியும் இல்லை, எனக்கு வந்த மாதிரி.

குளம் ஒடஞ்சுது. மூணு நாள் மண் போட்டும் நிக்கல. எங்க வீட்டுப் பெரியவர், ஒரு உசுரு குடுத்தா நிக்கும்னார். எங்க வீட்டுல பதினோரு பிள்ளைங்க இருந்துச்சு, அதுல ஒண்ணையும் பாக்கல. மண் சொமக்க வந்தவ, பன்னெண்டு வயசு, அவளப் பாத்தார். குழிக்குள்ள கூடை கெடக்கு, எடுத்துட்டு வான்னார். அவ எறங்குனா. கூடைய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்து, ஏறட்டுமான்னு கேட்டா. நாங்க மண்ணத் தள்ளுனோம். மறுபடியும் கேட்டா. தள்ளுனோம். அவ பேரு இது, இன்னார் மக. செஞ்சது நாங்க.

பெயரை அங்கே சொன்னேன். அந்த ஒரு நாள்தான் சொல்லலாம். இங்கே எழுதவில்லை.

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. எவனும் கைதட்டவில்லை.

"ஏ ஆவுடையப்பா" என்றாள் முப்பிடாதி. "ஏறட்டுமா?"

"ஏறி வா தாயி" என்றேன். குனிந்து கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"இது இந்த வருசத்துக்கு. எங்க ஆத்தா நின்னாளே, அந்த வருசத்துக்கு? எனக்கு ஏழு வயசு. கரையில நின்னு பாத்தேன். பொழுது சாயுறவரைக்கும் இந்தக் குழிக்குள்ள நின்னா. வா ஆத்தா போவோம்னு கூப்பிட்டேன். பதில் வரல, எப்படி ஏற முடியும்னா. ராத்திரி காய்ச்சல். நாலு நாள் அதே கேள்விய பெனாத்திக்கிட்டே கெடந்தா. நீ பஸ்ஸேறிப் போயிட்ட." குரலை உயர்த்தவேயில்லை. "ஏறட்டுமா?"

"ஏறி வா தாயி."

எனக்குக் கண் மறைத்தது. வெயில். இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை குரல் சன்னமாக, கொஞ்சம் மூச்சு வாங்கினமாதிரி இருந்தது. அதற்கும் சொன்னேன். பிறகு கையைப் பிடித்தாள். நான் எதிர்பார்த்ததைவிடக் கனம். மாரிதுரை என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தீ வைத்தார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது முப்பிடாதி பழையபடி, "போயிட்டு வாங்க ஐயா" என்றாள். அது நேற்றுவரை எனக்குச் சாதாரணமாகக் கேட்டது.

மே 2, சனி

தாளாளருக்குப் போன் செய்து, அடுத்த பதிப்பில் ஸ்டிக்கர் வராது, டீச்சர் எழுதினதுதான் வரும் என்றேன். யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்றேன். ஒன்பது பள்ளிக்கூடமும் போயிற்று. செண்பகத்திடம் சொன்னேன். "காய்கறிக்கடையா வச்சோம், அழுகிப்போறதுக்கு? வேற பள்ளிக்கூடம் வாங்கும்" என்றாள்.

மே 6, புதன்

ஊர்ப் பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. இனாமாகக் கொடுத்த புத்தகங்களை அடுத்த வகுப்புக்காகத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஸ்டிக்கரை எடுத்துத் தருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தேன்.

மழையில் தானாகச் சுருண்டது, இப்போது கையால் உரித்தால் வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் அடித்தாளின் மேற்தோலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. எல்லாப் பிரதியிலும் ஏறக்குறைய ஒரே இடம்தான் பிய்கிறது. அவள் அண்ணாந்து பார்த்துக் கேட்கும் வரை இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளை.

பேனாவை எடுத்தேன். பிய்ந்த இடத்தில் கையால் எழுதத் தொடங்கினேன். இன்றைக்குப் பதினாலு பிரதி முடிந்தது. விரல் மடங்க மறுக்கிறது.

முப்பிடாதி கூடத்தைக் கழுவிவிட வந்தாள். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள்.

"அன்னிக்கு மூணாவது தடவையும் கேட்டியே. அது எந்த வருசத்துக்கு?" என்று கேட்டேன்.

"நான் ரெண்டு தடவதான ஐயா கேட்டேன்."

"மூணு."

"ரெண்டுதான். மூணாவது நீங்களா ஏறி வான்னு சொன்னீங்க. சரி, மனசார சொல்லுதாங்கன்னு கையப் பிடிச்சேன்."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எண்ணிக்கையில் நான் தப்புகிறவன் இல்லை. வெயில் அதிகம் அன்றைக்கு.

மே 9, சனி

இன்று மத்தியானத்துக்குள் எழுதி முடித்தேன். கடைசியாக அடுக்கி எண்ணினால் நாற்பத்தொன்று வருகிறது. நான் கொடுத்தது நாற்பது. ரசீதிலும் நாற்பது. தலைமையாசிரியரும் நாற்பது என்கிறார். மறுபடி எண்ணினேன். கட்டுப் போடும்போது ஒன்று கூடுதலாக விழுந்திருக்கும். சிலுவையைக் கேட்க வேண்டும்.

கூடுதலான பிரதி ஈரம் பட்டு உப்பியிருந்தது. லேபிளில் எழுதின பெயர் கலைந்து மையாகிக் கிடக்கிறது. பதினேழாம் பக்கத்தில் ஸ்டிக்கர் இல்லை. கிழியவும் இல்லை. அச்சு அத்தனையும் சுத்தமாக இருக்கிறது, நான் எழுத வேண்டியது எதுவுமில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். பயிற்சியை ஒரு பிள்ளை பென்சிலால் எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் அழுத்தி, கோணலாக. கோடிட்ட இடத்தை நிரப்புக.

ஊர் மக்கள் பதில் சொல்லிவிட்டு பொங்கல் வைத்தனர்.

பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஜனவரி மாதத் தேதி.

சிவப்புப் பேனா ஒன்று கேட்டு வாங்கினேன். அந்தக் குறியை அடித்துவிட்டுச் சரி போட்டேன். அந்தப் பிரதியை அலமாரியில் வைக்கவில்லை. கையோடு கொண்டுவந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். கூட்டம் இருந்தது, ஆனாலும் யாரும் அங்கே உட்காரக் கேட்கவில்லை.